வலியும் காலமும் இடமும்

ஒரு செயலைத் தொடங்குவோன் முதற்கண் அறிய வேண்டுவன மூன்று. தன் வலிமை, செயலுக்குரிய காலம், அது நிகழும் இடம் என்பனவே அவை. திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்திருத்தலை நாம் அறிவோம். அரசியலுக்கென வகுக்கப்பெற்ற இம்முறை விளையாட்டுக் களத்திற்கும் பொருந்தும். நெடுந்தொலைவு டிரையத்லான் என்னும் போட்டி இதனை நன்கு விளக்கும்.

இப்போட்டியில் ஈடுபடுவோர் 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் மிதிவண்டி ஓட்டி, அதன்பின் 42.2 கிலோமீட்டர் ஓடுதல் வேண்டும். இவை மூன்றையும் ஒரே நாளில், பெரும்பாலும் 17 மணி நேரத்திற்குள் முடித்தல் வேண்டும். 1978-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 18-ஆம் நாள், ஹவாயைச் சேர்ந்த ஓவாகு தீவில் இது முதன்முதலாக நடைபெற்றது. புறப்பட்டோர் பதினைவர், முடித்தோர் பன்னிருவர். முதலில் வந்த கார்டன் ஹாலர் 11 மணி 46 நிமிடம் 58 விநாடியில் முடித்தார். அவருக்கு முன்னே ஓடிக்கொண்டிருந்த ஜான் டன்பார், துணைவர் கொணர்ந்த குடிநீர் தீர்ந்துபோனமையால் தளர்ந்து, இரண்டாம் இடமே பெற்றார். நம் நாட்டு நடிகர் மிலிந்த் சோமன், ஐம்பது வயதை நெருங்கிய நிலையில், 2015-ஆம் ஆண்டு சூரிச் நகரில் 15 மணி 19 நிமிடத்தில் இப்போட்டியை முடித்தார். ஒருவர் எடுத்த காலம் மற்றொருவருக்கு அளவுகோல் ஆகாது. அவரவர் காலத்தை அவரவர் வலிமையிலிருந்தே கணித்தல் வேண்டும்.

கணிப்பது எவ்வாறு? இளைஞன் ஒருவன் 100 மீட்டரை இரண்டரை நிமிடத்தில் நீந்துகிறான். சமவெளியில் மணிக்கு 25 கிலோமீட்டர் மிதிவண்டி ஓட்டுகிறான். ஒரு மணியில் 10 கிலோமீட்டர் ஓடுகிறான் எனக் கொள்வோம். நீந்த 1 மணி 35 நிமிடம், மிதிவண்டிக்கு 7 மணி 12 நிமிடம், ஓட 4 மணி 13 நிமிடம்; ஆக 13 மணி நேரம் என அவன் மகிழக்கூடும். ஆனால் இக்கணக்கில் பிழை உண்டு. 180 கிலோமீட்டர் மிதித்துக் களைத்த கால்கள், காலையில் இளைப்பாறி எழுந்த கால்களைப்போல் ஓடா. கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம் எனக் கொண்டால் ஓட்டத்திற்கே 5 மணி 16 நிமிடம் ஆகும். உடை மாற்றவும் உணவு கொள்ளவும் 20 நிமிடம் சேர்த்தால், மொத்தம் 14 மணி 23 நிமிடம். விருப்பம் கூறியது பதின்மூன்று. உண்மை கூறுவது பதினான்கரை.

இனி இடத்தை நோக்குவோம். பழனியிலிருந்து கொடைக்கானலுக்குச் செல்லும் மலைச்சாலை ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீளமுடையது. அதில் செல்வோர் சுமார் 1,800 மீட்டர் உயரம் ஏறுகின்றனர். ஏறும்போது மணிக்கு 12 கிலோமீட்டரும், இறங்கும்போது 30 கிலோமீட்டரும் செல்வோனின் சராசரி வேகம் 21 அன்று; 17 தான். ஏற்றத்தில் அவன் செலவிடும் நேரம் மிகுதியாதலின், இழந்த காலத்தை இறக்கம் முழுதும் ஈடுசெய்வதில்லை. மேலும், 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்கிற்கு மேல் குறைந்திருக்கும். ஒவ்வொரு மூச்சிலும் கிட்டும் பிராணவாயுவும் அவ்வளவிற்குக் குறையும். ஆதலின் 1863-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற கொடைக்கானல் ஏரியைச் சுற்றியுள்ள சுமார் ஐந்து கிலோமீட்டர்ச் சாலையில் ஓடுவோன், புதிதாக வந்த நாள்களில் தன் வேகம் குறைதல் கண்டு மனம் தளரலாகாது. அதுபோன்றே, அக்குளிர்ந்த காற்றில் கண்ட வேகத்தைச் சென்னையின் வெயிலுக்கும் புழுக்கத்திற்கும் அவ்வாறே பொருத்திப் பார்த்தலும் கூடாது.

ஆகவே குறிக்கோள் ஒன்றன்று, மூன்றாக இருத்தல் நலம். யாவும் இனிது அமைந்தால் பதினான்கு மணி. வழக்கம்போல் அமைந்தால் பதினான்கரை. வெயிலும் எதிர்க்காற்றும் வருத்தினால் பதினாறு. பயிற்சியின்போது திங்கள்தோறும் தன் வேகத்தை அளந்து இக்கணக்கைத் திருத்திக்கொள்ளல் வேண்டும். பொய்யான காலத்தை நம்பியவன் தொடக்கத்தில் விரைந்து, நடுவழியில் ஆற்றல் இழப்பான். சில வேளைகளில் உடல்நலத்தையும் இழப்பான். மெய்யான காலத்தை அறிந்தவன் முதல் ஏற்றத்தில் பிறர் தன்னைக் கடந்து செல்வதைக் கண்டு கலங்கான். இறுதி ஓட்டத்திற்கு வேண்டிய வலிமையைக் காத்துக்கொள்வான்.

மாணவர்களே, தேர்வுக்குப் படிப்பதற்கும் இவ்வறிவு வேண்டும். ஒரு பாடத்தைக் கற்க உங்களுக்கு எத்தனை நாள் ஆகும் என்பதை, நேற்று நீங்கள் கற்ற அளவிலிருந்து அளந்து அறியுங்கள். உயர்ந்த குறிக்கோள் இகழத்தக்கதன்று. ஆயினும் அதனை அடையும் வழி, இன்றுள்ள நம் வலிமையை மறைக்காமல் அளப்பதிலிருந்தே தொடங்குகின்றது.