காருக்கு அடியில் 'கடகட' சத்தமா? சைலன்ஸரை மாற்றும் முன் இதைப் பாருங்கள்!

காலையில் காரை ஸ்டார்ட் செய்ததும் அடியிலிருந்து ஒரு சத்தம். தகர டப்பாவுக்குள் சில்லறைக் காசைப் போட்டுக் குலுக்குவதுபோல 'கடகட'வென்று கேட்கிறது. தெருமுனை தாண்டி வேகம் எடுத்ததும் நின்றுவிடுகிறது. சிக்னலில் நின்றால் மறுபடியும் ஆரம்பிக்கிறது. "வண்டியில என்னமோ சத்தம் கேக்குதேப்பா" என்று பின்சீட்டிலிருந்து அம்மா சொன்னால், பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவைத்துச் சமாளிப்பவர்கள் உண்டு. பயந்துபோய், "சைலன்ஸரையே மாத்திடுங்க" என்று மெக்கானிக்கிடம் சாவியைக் கொடுத்துவிடுபவர்களும் உண்டு.

இரண்டுமே தவறு. இந்தச் சத்தம் ஒரு சின்ன கிளாம்ப் போட்டால் நின்றுவிடலாம். காருக்குள் விஷ வாயு நுழையப்போகிறது என்பதற்கான எச்சரிக்கையாகவும் இருக்கலாம். சத்தம் எப்போது, எங்கிருந்து வருகிறது என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

புகை போகும் பாதை

இன்ஜினிலிருந்து வரும் புகை, முதலில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போகிறது. விஷ வாயுக்களின் வீரியத்தைக் குறைப்பது இதன் வேலை. அடுத்து, நீண்ட குழாய் வழியாகச் சைலன்ஸருக்கு வந்து, சத்தம் அடங்கி, காரின் பின்பக்கம் வெளியேறுகிறது. இந்தக் குழாய், ரப்பர் வளையங்களில் தொங்கிக்கொண்டிருக்கும். அதன் சூடு காரின் தரைக்கு ஏறாமலிருக்க, இடையில் மெல்லிய தகடுகள் இருக்கும். இவற்றுக்கு ஹீட் ஷீல்டு என்று பெயர். இந்தப் பாகங்களில் எது ஆடினாலும் சத்தம்தான்.

சத்தம் எப்போது வருகிறது?

* வண்டி நிற்கும்போது, இன்ஜின் ஓடும் குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் 'கிர்ர்ர்' என்று தகடு அதிர்ந்தால், பெரும்பாலும் ஹீட் ஷீல்டுதான்.
* வேகத்தடையிலும் பள்ளத்திலும் 'டங்' என்று இடித்தால், ரப்பர் வளையம் அறுந்து குழாய் தொங்கியிருக்கலாம்.
* டப்பாவுக்குள் கற்கள் உருளுவதுபோலக் கேட்டால், கன்வெர்ட்டர் அல்லது சைலன்ஸரின் உட்பகுதி உடைந்திருக்கலாம்.
* 'டப் டப்' அல்லது 'உஸ்' என்று காற்று கசியும் சத்தம் வந்தால், குழாயிலோ ஜாயின்டிலோ ஓட்டை இருக்கலாம்.

இதற்கெல்லாம் முன்னால் டிக்கியைத் திறந்து பாருங்கள். சரியாகக் கட்டப்படாத ஜாக்கியும் ஸ்பேனரும்கூட இதே சத்தத்தைக் கொடுக்கும்!

தட்டிப் பார்த்தால் தெரியும்

ஓடிய காரின் குழாய் கையைச் சுட்டுவிடும். அதனால் இன்ஜினை நிறுத்தி, சில மணி நேரம் ஆறவிடுங்கள். பிறகு கையுறை போட்டுக்கொண்டு, பின்பக்கம் தெரியும் குழாய் நுனியைப் பிடித்து மெதுவாக ஆட்டுங்கள். எங்காவது இடிக்கிறதா என்று கேளுங்கள்.

மற்ற பாகங்களைப் பார்க்க, லிஃப்ட் அல்லது பள்ளம் உள்ள மெக்கானிக் ஷெட்தான் சரியான இடம். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகவே கூடாது. ஜாக்கி நழுவினால் காரின் எடை முழுவதும் ஆள் மீது இறங்கிவிடும். ஷெட்டில் மெக்கானிக், ரப்பர் சுத்தியலால் முன்னாலிருந்து பின்னால்வரை ஒவ்வொரு பாகமாகத் தட்டுவார். எந்த இடத்தில் அந்தப் பழைய 'கடகட' திரும்பக் கேட்கிறதோ, அதுதான் குற்றவாளி.

ஹீட் ஷீல்டைக் கழற்றி எறியாதீர்கள்

ஹீட் ஷீல்டின் போல்ட் துளை துருப்பிடித்துப் பெரிதாகிவிட்டால், தகடு தளர்ந்து அதிரும். பெரிய வாஷர் வைத்து முடுக்கலாம். அல்லது, துருப்பிடிக்காத ஸ்டீல் ஹோஸ் கிளாம்ப்பைக் குழாயைச் சுற்றிப் போட்டு இறுக்கலாம். ரப்பர் வளையம் அறுந்திருந்தால் அதே அளவில் புதிது மாட்டினால் போதும். இரண்டுமே சிறு செலவு.

"தகடுதானே, கழற்றிடலாம் சார்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கன்வெர்ட்டரின் சூடு சாதாரணமாகவே 400 டிகிரி செல்சியஸைத் தாண்டும். காய்ந்த புல்தரையில் காரை நிறுத்தினாலோ, அறுவடைக் காலத்தில் சாலையில் பரப்பியிருக்கும் தானியத் தாள்மீது ஓட்டி அது அடியில் சுற்றிக்கொண்டாலோ தீப்பிடிக்க அந்தச் சூடு போதும்.

உள்ளிருந்து வரும் துரு

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால், ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறும். காலையில் குழாய் நுனியில் சொட்டும் தண்ணீர் இதுதான். பள்ளிக்கூடம், காய்கறிக் கடை என்று இரண்டு கிலோமீட்டருக்குள்ளேயே ஓடும் காரில், சைலன்ஸர் முழுமையாகச் சூடாவதற்குள் இன்ஜினை நிறுத்திவிடுகிறார்கள். தண்ணீர் உள்ளேயே தங்கி, தகடுகள் அரிக்கின்றன. வாரத்தில் ஒருநாளாவது அரை மணி நேரம் தொடர்ச்சியாக ஓட்டினால் இந்த ஈரம் காயும். உள்தகடு உடைந்துவிட்டால் சைலன்ஸரை மாற்றுவதுதான் வழி.

கன்வெர்ட்டருக்குள் இருப்பது தேன்கூடு போன்ற பீங்கான். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் அதன்மேல் பூசப்பட்டிருப்பதால்தான் புதிது வாங்கும்போது செலவு எகிறுகிறது. வேகத்தடையில் அடிபட்டால் இந்தப் பீங்கான் உடையும். ஸ்பார்க் பிளக் பழுதாகி, எரியாத பெட்ரோல் உள்ளே போனால் அளவுக்கு மீறிச் சூடாகி உருகும். அதனால், புது கன்வெர்ட்டர் போடும் முன் பழையது ஏன் கெட்டது என்று கேளுங்கள். காரணத்தைச் சரிசெய்யாவிட்டால் புதியதும் கெட்டுவிடும்.

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்

ஓட்டை இருந்தால் அங்கே கறுப்பாகக் கரி படிந்திருக்கும். அதன் வழியே கசியும் புகையில் கார்பன் மோனாக்ஸைடு இருக்கிறது. இதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தம் ஆக்சிஜனைச் சுமந்து செல்ல விடாமல் இது தடுத்துவிடும். காரில் போகும்போது எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் தலைவலி, குமட்டல், மயக்கம் வந்து, இறங்கியதும் தெளிந்தால் சந்தேகப்பட வேண்டும். அப்படித் தோன்றினால் உடனே கண்ணாடிகளை இறக்கி, பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி, எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். யாராவது மயங்கியிருந்தால் 108-ஐ அழையுங்கள். ஓட்டையை அடைக்கும்வரை அந்தக் காரில் யாரும் ஏற வேண்டாம். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடுவதும், நிறுத்திய காரில் ஏசி போட்டுத் தூங்குவதும் எப்போதுமே ஆபத்து.

மெக்கானிக்கிடம் போனால் சத்தம் நின்றுவிடுவதும் உண்டு. அதனால், கேட்கும்போதே பின்சீட்டில் இருப்பவரை விட்டு மொபைலில் ரெக்கார்டு செய்யச் சொல்லுங்கள். ஷெட்டில் அதைப் போட்டுக் காட்டி, எந்தப் பாகம் ஆடுகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு, பிறகு செலவுக்குச் சம்மதியுங்கள்.