நம் வட்டாரத்துத் தேவாங்கு

காட்டு விலங்கு என்றதும் புலியும் யானையும்தான் நினைவுக்கு வருகின்றன. உசிலம்பட்டி போன்ற வறண்ட பூமியில் அறிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று கேட்கலாம். விடை மதுரை மாவட்டத்திலேயே இருக்கிறது. மேலூர் அருகே அரிட்டாபட்டியில் தேவாங்கும் அழுங்கும் மலைப்பாம்பும் வாழ்கின்றன. 2022-இல் அது தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்கு சரணாலயமும் உருவானது. தேவாங்கைப் பார்த்தால் ஆகாது என்று சிலர் அஞ்சுவார்கள். ஆனால் அதன் உருண்டைக் கண்கள் இருட்டில் இரை தேடுவதற்காக அமைந்தவை. அது பெரும்பாலும் தின்பது பூச்சிகளைத்தான், அவற்றில் பயிரைக் கெடுப்பவையும் உண்டு. ஆகவே, தொலைதூரப் புலியோடு நம் பக்கத்துத் தேவாங்கையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம். அறிந்தால் அச்சம் விலகும். அச்சம் விலகினால்தான் அதைக் காக்க மனம் வரும்.