உள்ளாட்சி அலுவலகங்களில் மொழிபெயர்ப்பாளர் உதவி

ஒடிசா மாநிலம் கந்தமால் மாவட்டத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த தொழிலாளி ஒருவர், கேரளத்தின் பெரும்பாவூரில் ஒட்டுப்பலகை ஆலை ஒன்றில் பணியாற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய தாய்மொழி குயி. குடியிருக்கும் அறையிலேயே அவர் மனைவிக்குக் குழந்தை பிறக்கிறது. பிறப்பைப் பதிவு செய்ய அவர் நகராட்சி அலுவலகத்திற்குச் செல்கிறார். எழுத்தர் மலையாளத்தில் கேட்கிறார். இவர் தமக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் விடை கூறுகிறார். தாயின் பெயர் ஒருவாறு எழுதப்படுகிறது. பிறந்த நாள் மாறிவிடுகிறது. எழுதப்பட்டது இன்னதென்று அறியாமலே அவர் கைநாட்டு வைத்துவிட்டுத் திரும்புகிறார்.

இது சிறு பிழை அன்று. 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 2023இல் திருத்தப்பட்டது. அதன்படி 2023 அக்டோபர் 1ஆம் தேதியிலும் அதற்குப் பின்னரும் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசுப் பணி நியமனம் முதலியவற்றில் பிறந்த தேதியையும் இடத்தையும் மெய்ப்பிக்கும் ஆவணம் பிறப்புச் சான்றிதழே ஆகும். எழுத்தரின் மேசையில் சில நிமிடங்களில் நேர்ந்த பிழை, அக்குழந்தையை வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடும்.

சட்டம் அளிக்கும் பாதுகாப்பு

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, பத்தாயிரம் பேருக்கு மேல் பேசும் மொழிகள் நம் நாட்டில் 121 உள்ளன. அவற்றுள் 22 மொழிகளே அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இடம்பெற்றவை. குயி போன்ற 99 மொழிகள் அவ்வட்டவணைக்கு வெளியே உள்ளன.

இந்நிலையை எண்ணியே அரசியலமைப்பின் 350ஆவது பிரிவு வகுக்கப்பட்டது. குறை தீர்க்க வேண்டி மத்திய அல்லது மாநில அரசின் எந்த அலுவலருக்கும், ஒன்றியத்திலோ அம்மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் மனு அளிக்க ஒவ்வொருவருக்கும் அப்பிரிவு உரிமை வழங்குகிறது. மொழிச் சிறுபான்மையினருக்கான பாதுகாப்புகளைப் பற்றிய 1956ஆம் ஆண்டு அறிக்கைக் குறிப்பு மேலும் ஒரு படி சென்றது. ஒரு மொழிச் சிறுபான்மையினர் மக்கள்தொகையில் 15 முதல் 20 விழுக்காடு வரை உள்ள பகுதிகளில் முக்கிய அரசு அறிவிப்புகளை அவர்கள் மொழியிலும் வெளியிட வேண்டும் என்று அது கூறியது. கேரளத்தின் ஆட்சிமொழிச் சட்டத்திலும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுடன் கடிதத் தொடர்பு கொள்ள வழி செய்யப்பட்டுள்ளது.

எனினும் இவை யாவும் எழுத்தைப் பற்றியவை. பெரும்பாலும் ஓரிடத்தில் நிலையாகத் திரண்டு வாழும் மக்களைக் கருதியவை. நூறு பேர், இருநூறு பேர் என்று சிதறி வாழும் புலம்பெயர் தொழிலாளர் 15 விழுக்காட்டை எட்டுவதில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு மனு எழுதும் உரிமையால் மட்டும் பயன் விளையாது. அவருக்கு வேண்டுவது வாய்மொழியைப் பெயர்த்துச் சொல்லும் ஒருவர்.

நீதித் துறையில் இத்தேவை முன்பே ஏற்கப்பட்டுள்ளது. குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் அளிக்கப்பட்டால், திறந்த நீதிமன்றத்தில் அவருக்குப் புரியும் மொழியில் அதை எடுத்துரைக்க வேண்டும் என்பது சட்டம். ஹரிகிஷன் எதிர் மகாராஷ்டிர அரசு என்னும் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962இல் அளித்த தீர்ப்பும் நினைவுகூரத்தக்கது. தடுப்புக் காவலுக்கான காரணங்கள் ஆங்கிலத்தில் தரப்பட்டன. காவலில் இருந்தவரோ இந்தியில் கேட்டிருந்தார். ஆங்கிலமே ஆட்சிமொழி என்ற விடையை நீதிமன்றம் ஏற்கவில்லை. தெரிவித்தல் என்பது கேட்பவருக்குப் புரியுமாறு தெரிவித்தலே என்பது அத்தீர்ப்பின் சாரம். நகராட்சி மேசைக்கும் இக்கருத்து பொருந்தும் அன்றோ?

கேட்கும் முறை

உள்ளாட்சி அலுவலகங்களில் மொழிபெயர்ப்பாளர் தாமாக வந்து நிற்பதில்லை. கேட்டால்தான் ஏற்பாடு நடைபெறும். ஆகவே, விண்ணப்பதாரரும் அவருக்குத் துணை நிற்போரும் சிலவற்றை மனத்திற்கொள்ள வேண்டும்.

முதலாவதாக, தேவையை முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவித்து ஒப்புகைச் சீட்டுப் பெறுதல் நலம். இரண்டாவதாக, மொழியின் பெயரைச் சரியாகக் குறிப்பிட வேண்டும். வடக்கிலிருந்து வந்தவர் எல்லாரும் இந்தி அறிந்தவர் என்ற எண்ணம் தவறானது. சந்தாலி பேசுபவருக்கு இந்தி மொழிபெயர்ப்பாளரால் முழுப்பயன் கிட்டாது. மூன்றாவதாக, பெயர்த்துச் சொல்பவர் அந்த விவகாரத்தில் ஆதாயம் இல்லாதவராக இருத்தல் வேண்டும். கூலி நிலுவை பற்றிய முறையீட்டில் ஒப்பந்தக்காரரின் ஆளே மொழிபெயர்த்தால் உண்மை வெளிவருமா? பள்ளிச் சிறுவரைப் பெற்றோருக்காகப் பேசவைப்பதும் முறையன்று. நான்காவதாக, எழுதியதை மீண்டும் படித்துக் காட்டச் சொல்லி, தம் மொழியில் கேட்டறிந்த பின்னரே கையொப்பமோ கைநாட்டோ இட வேண்டும்.

தகவல் கோருவோருக்கு 2005ஆம் ஆண்டுச் சட்டம் துணை செய்கிறது. எழுத இயலாதவரின் வாய்மொழிக் கோரிக்கையை எழுத்தில் வடிக்கப் பொதுத் தகவல் அலுவலர் உதவ வேண்டும் என்று அச்சட்டத்தின் 6ஆவது பிரிவு விதிக்கிறது. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர் ஆகியோர் 1987ஆம் ஆண்டின் சட்டப்படி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை இலவச உதவிக்கு நாடலாம்.

செவித்திறன் குறைந்தோரையும் இங்கு மறத்தலாகாது. 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி அவர்கள் ஏறத்தாழ 50.7 லட்சம் பேர். சைகை மொழியும் ஒரு தொடர்பு முறையே என்பதை மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 ஏற்றுள்ளது. சைகை மொழி பெயர்ப்பாளருக்குப் பயிற்சி அளிக்கும் தேசிய மையம் புதுடெல்லியில் 2015இல் நிறுவப்பட்டது.

செலவா, சிக்கனமா?

ஒவ்வொரு நகராட்சியும் பத்து மொழிகளுக்குப் பத்து அலுவலரை நியமிக்க முடியுமா என்று கேட்கலாம். அதற்குத் தேவையும் இல்லை. எந்த ஊழியருக்கு எந்த மொழி தெரியும் என்ற பட்டியல், வாரத்தில் ஒரு குறித்த நாள், அவ்வூரில் வாழும் பிறமொழி ஆசிரியருக்கும் கல்லூரி மாணவருக்கும் சிறு மதிப்பூதியம், அரிய மொழிகளுக்குத் தொலைபேசி வழி உதவி ஆகியவற்றைக் கொண்டே தொடங்கலாம். 2022இல் மத்திய அரசு தொடங்கிய பாஷிணி மொழிபெயர்ப்புத் தளம் எளிய உரையாடல்களுக்குக் கைகொடுக்கும். ஆயினும் உரிமையை நிர்ணயிக்கும் விசாரணைகளில், பொறுப்பேற்கும் ஒரு மனிதரே வேண்டும்.

பொருளாதார நோக்கில் பார்ப்பினும் இது சிக்கனமே. மொழிபெயர்ப்பாளர் இல்லாத அலுவலகத்தில் தரகர் அவ்விடத்தை நிரப்புகிறார். அவருக்குரிய கட்டணத்தை ஏழையே செலுத்துகிறார். பிழையான பதிவைத் திருத்த அலுவலகத்திற்கு நேரமும் தொழிலாளிக்குப் பல நாள் கூலியும் இழப்பாகின்றன. இவ்விழப்புகள் எந்த வரவு செலவுத் திட்டத்திலும் இடம்பெறாமையால், அவை இல்லாதவை ஆகிவிடா.

ஊராட்சியும் நகராட்சியுமே அரசு மக்களை நேருக்கு நேர் சந்திக்கும் இடங்கள். நலத்திட்டங்களின் பயன் உரியவரைச் சென்றடைய வேண்டுமாயின், அவர் கூறுவது அலுவலருக்கும் அலுவலர் கூறுவது அவருக்கும் புரிதல் வேண்டும். எல்லா அலுவலகங்களிலும், "உங்கள் மொழி எது?" என்பது விண்ணப்பத்தின் முதற் கேள்வியாக அமைதல் நன்று.