நிகழ்படத் தயாரிப்பும் நாடுகளின் ஒளிபரப்புச் செந்தரங்களும்

ஒளிபரப்புச் செந்தரம் என்பது தொலைக்காட்சிப் படம் எத்தனை வரிகளாக அமைய வேண்டும், நொடிக்கு எத்தனை படங்கள் காட்டப்பட வேண்டும், நிறம் எவ்வாறு அனுப்பப்பட வேண்டும் என்பவற்றை வரையறுக்கும் விதிகளின் தொகுப்பு ஆகும். நிகழ்படத்தில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு நிலைப்படமும் சட்டகம் எனப்படும்.

அனலாக் செந்தரங்கள்

- என்.டி.எஸ்.சி.: அமெரிக்காவில் 1953-இல் ஏற்கப்பட்ட வண்ண முறை. 525 வரிகள், நொடிக்கு 29.97 சட்டகங்கள். கனடா, ஜப்பான் முதலிய நாடுகளும் இதைப் பின்பற்றின.
- பால்: ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனத்தில் வால்ட்டர் புரூக் உருவாக்கியது. 625 வரிகள், 25 சட்டகங்கள். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகியவை இம்முறையைச் சேர்ந்தவை.
- செக்காம்: பிரான்சில் தோன்றியது. இதற்கும் 625 வரிகள், 25 சட்டகங்களே. நிறத்தை அனுப்பும் முறை வேறு.

வேறுபாட்டின் காரணம்

தொடக்கக் காலத்தில் படத்தின் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணை ஒட்டி அமைக்கப்பட்டது. அமெரிக்காவில் அது 60 ஹெர்ட்சு; ஐரோப்பாவில் 50 ஹெர்ட்சு. அவற்றின் பாதியே 30, 25 என்னும் சட்டக எண்ணிக்கைகள். வண்ணம் சேர்த்தபோது 30 என்பது 29.97 ஆகச் சற்றுக் குறைக்கப்பட்டது.

மாற்றுவதில் உள்ள சிக்கல்

வரிகளின் எண்ணிக்கையை மாற்றுவது எளிது. நேரத்தை மாற்றுவது கடினம். 25 சட்டகப் படத்தை 30 ஆக்க, நொடிக்கு ஐந்து சட்டகங்களைப் புதிதாகச் சேர்க்க வேண்டும். இருப்பதையே மீண்டும் காட்டினால் அசைவு தடுமாறும். இரண்டைக் கலந்தால் படம் மங்கும். 24 சட்டகத் திரைப்படத்தைப் பால் முறையில் 25 ஆக வேகப்படுத்துவர். அப்போது 120 நிமிடப் படம் ஏறத்தாழ 115 நிமிடத்தில் முடியும்; சரிசெய்யாவிட்டால் குரலின் சுருதியும் சற்று உயரும்.

இன்றைய நிலை

எண்ணிம ஒளிபரப்பில் 1920 × 1080 என்ற அளவு பல நாடுகளுக்கும் பொதுவாகிவிட்டது. ஆயினும் 25, 29.97 என்ற பிரிவு நீடிக்கிறது. எனவே எந்த நாட்டு ஒளிபரப்புக்கு என்பதைக் கேட்டறிந்த பின்னரே படப்பிடிப்பைத் தொடங்க வேண்டும். படம்பிடிக்கும் இடத்தின் மின்சாரமும் முக்கியம். 50 ஹெர்ட்சு நாட்டில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியாகவும், 60 ஹெர்ட்சு நாட்டில் 1/60 அல்லது 1/120 நொடியாகவும் வைத்தால் குழல்விளக்கின் மினுக்கம் பதிவாகாது.

பழைய நாடாக்கள்

தமிழ்நாட்டிலோ யாழ்ப்பாணத்திலோ பதிவான வி.எச்.எஸ். திருமண நாடா, கனடாவில் விற்ற சாதாரணக் கருவியில் சரியாகத் தெரியாது. அதற்குப் பால் முறையையும் ஏற்கும் கருவி தேவை. இத்தகைய நாடாவைக் கணினிக்கு மாற்றும்போது 25 சட்டகங்களையே வைத்துக்கொள்வது நல்லது. கணினியும் கைப்பேசியும் அவ்வேகத்திலேயே காட்டும், அசைவும் கெடாது.