போட்டோ வேண்டாமே!

எங்கள் தொண்டியில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. காலேஜ் அட்மிஷனும் அப்போதுதான். மீனவர் வீடுகளில் கையில் காசிருக்காது.

இதற்காகவே எங்கள் தெருப் பெண்கள் மாதம் 50 ரூபாய் வீதம் உண்டியலில் சேர்க்கிறோம். முதல் வருடம், பிளஸ் டூ முடித்த பெண்களை மேடையேற்றி, போட்டோ எடுத்துப் பணம் கொடுத்தோம். பிறகு அதில் ஒருத்தியின் தங்கை பிளஸ் டூ முடித்தாள். வாங்கவே வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "அந்தப் படத்தைக் காட்டி அக்காவைக் கேலி பண்ணாங்க. எனக்குக் காலேஜே வேணாம், அத்தை" என்றாள். சுருக்கென்றது.

இப்போது பணத்தைத் தலைமை ஆசிரியையிடம் கொடுத்து விடுகிறோம். யாருக்குப் போகிறதென்று எங்களுக்கே தெரியாது. அவளும் கல்லூரிக்குப் போகிறாள்!

தோழிகளே, உதவி செய்யுங்கள். போட்டோ மட்டும் வேண்டாமே!

— ஒரு வாசகி, தொண்டி.