நமக்கேற்ற பந்தயப் படகு எது?

மாலை வேளையில் காந்தி சிலையருகே காற்று வாங்க நிற்கும்போது, தொலைவில் மீனவர் படகுகள் அலையேறிச் செல்வதைக் காணாதவர் நம்மில் யார்? மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது கட்டுமரம். அந்தத் தமிழ்ச் சொல்லே ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ ஆயிற்று. வில்லியம் டாம்பியர் என்னும் கடலோடியின் 1697-ஆம் ஆண்டுப் பயண நூலிலேயே அச்சொல் வருகிறது. இன்று அப்பெயர், ஒடுங்கிய ஓடங்கள் இரண்டைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்துப் பாய்விரித்து ஓட்டும் படகையே பெரிதும் குறிக்கிறது. பெயர் நம்முடையது, ஆனால் அப்படகில் பந்தயம் ஓட்டும் வாய்ப்பு எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு எட்டாக்கனி. காரணம் விலை.

பதினான்கு வயது மாணவியர் இருவர் ஓட்டத்தக்க, விலை குறைந்த படகொன்றை அமைக்க எவற்றைக் கருத வேண்டும்? ‘வேகம்’ என்றே முதலில் சொல்லத் தோன்றும். சற்றுச் சிந்தித்தால், வேகம் கடைசியில் வரவேண்டியது என்பது விளங்கும்.

முதலாவது, நீர். சுண்ணாம்பாற்றில் ஆழம் குறைவு; கடலிலோ அலை உடையும் மணற்கரையில் இறங்கி ஏற வேண்டும். படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகை மணலில் இடித்து முறியும். கலிபோர்னியாவின் ஹோபி ஆல்டர், 1970-ஐ ஒட்டி வெளிவந்த ‘ஹோபி 16’ படகில் இதற்கு வழி கண்டார். ஒவ்வோர் ஓடத்தின் ஒரு பக்கத்தைத் தட்டையாகவும் மறுபக்கத்தை வளைவாகவும் அமைத்து, அடிப்பலகையே வேண்டாமலாக்கினார். நமக்கும் அதுவே ஏற்றது.

இரண்டாவது, எடை. ஹோபி 16 ஏறத்தாழ 145 கிலோ. நமது படகு 80 கிலோவுக்குள் இருந்தால், நான்கு மாணவியர் ஆளுக்கு 20 கிலோவாகத் தூக்கி மணலைக் கடக்கலாம்.

மூன்றாவது, கவிழ்ந்தால் என்ன செய்வது? பெற்றோர் கேட்கும் முதற் கேள்வியும் இதுவே. கவிழ்ந்த படகின் பாய்மரம் நீரில் படுத்துவிடும். மாணவியர் கீழ் ஓடத்தின்மேல் நின்று, கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து நிமிர்த்த வேண்டும். இது சீசா பலகைக் கணக்கே. மரமும் பாயும் 20 கிலோ, மரத்தின் நீளம் 8 மீட்டர் என்போம். பாரத்தின் நடு 4 மீட்டர் தள்ளியிருக்கும்; 20 × 4 = 80. மாணவியர் இருவரின் எடை 80 கிலோ, 0.9 மீட்டர் சாய்ந்தால் 72. படகு நிமிராது! மரத்தை 6 மீட்டராக்கி, பாரத்தை 15 கிலோவாகக் குறைத்தால், 15 × 3 = 45. எளிதில் நிமிரும். வேகம் சற்றுக் குறையும். வீடு திரும்புவது உறுதியாகும். ஓடங்களுக்குள் நீர் புகாத அறைகளும், அனைவருக்கும் உயிர்காப்பு அங்கியும் இன்றியமையாதவை.

நான்காவது, செலவு. 1947-இல் அமெரிக்காவின் கிளார்க் மில்ஸ், சிறுவர்க்கான ‘ஆப்டிமிஸ்ட்’ படகை இரண்டே பிளைவுட் பலகைகளில் அடங்குமாறு வரைந்தார். நமது குமரி மாவட்டத்திலும், பெல்ஜிய நாட்டவரான பியேர் ஜிலே 1980-களில் மீனவரோடு சேர்ந்து அலைகடலுக்கேற்ற பிளைவுட் படகுகளை உருவாக்கினார். பலகையின் நீளம் 8 அடி. இரண்டை இணைத்தால், இணைப்புக்குப் போக 15 அடிக்குமேல் கிடைக்கும். ஆகவே 15 அடிப் படகே சிக்கனமானது, பலகை வீணாகாது.

ஐந்தாவது, சமநீதி. எல்லாப் படகுகளும் ஒரே அளவும், ஒரே பாயும், ஒரே குறைந்தபட்ச எடையும் உடையனவாக இருக்க வேண்டும் என்று விதி செய்தல் வேண்டும். இல்லையேல், வசதியுள்ளவர் விலையுயர்ந்த பொருளால் இன்னும் இலேசாகச் செய்து வென்றுவிடுவர். அது பணத்தின் வெற்றியேயன்றித் திறமையின் வெற்றியன்று.

இவ்வைந்தும் நிறைவேறிய பின்னரே வேகம். எல்லோருடைய படகும் ஒன்றாயிருக்கும்போது, காற்றை அறிந்தவளே முந்துவாள். சென்னையின் நேத்ரா குமணன் சிறுவயதில் ஆப்டிமிஸ்ட் படகில் தொடங்கியவர். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிற்கு, பாய்மரப் படகோட்டத்தில் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண்ணானார்.

இறைவன் தந்த காற்றுக்குக் கட்டணமில்லை. அதைப் பிடிக்கும் பாயும் மீனவர் மகளின் கைக்கு எட்டுமாறு செய்வது நம் கடமையன்றோ? படகு வரையப் பென்சிலை எடுக்குமுன், அதில் ஏறப்போகும் சிறுமியை நினைப்போம்.