கிளீசன் 6: பத்துக்கு ஆறு அல்ல

புராஸ்டேட் பயாப்ஸி அறிக்கையில் ‘கிளீசன் 3+3=6’ என்று கண்டதும், பத்துக்கு ஆறு என்று கணக்குப் போட்டு, நோய் பாதி வழி தாண்டிவிட்டதாகக் கலங்குகிறார்கள் பலர். அது வீண் கலக்கம். இன்றைய நடைமுறையில் பயாப்ஸியில் உறுதியான புராஸ்டேட் புற்றுநோய்க்குப் போடும் மிகக் குறைந்த மதிப்பெண்ணே 6தான்.

இந்த முறையை வகுத்தவர் டொனால்ட் கிளீசன். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் பணியாற்றிய நோய்க்குறியியல் மருத்துவர். 1966இல் இதை வெளியிட்டார். தனித்தனி செல்லின் தோற்றத்தைவிட, செல்கள் கூடி அமைக்கும் சுரப்பிகளின் வடிவத்தையே அவர் முக்கியமாகக் கருதினார். சுரப்பிகள் சிறுத்தாலும் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்து நின்றால் 3. ஒன்றோடொன்று பிணைந்தோ, சல்லடை போல ஓட்டைகளோடோ இருந்தால் 4. சுரப்பி என்ற வடிவமே அழிந்து, செல்கள் உதிரியாகச் சிதறினால் 5. அவர் வகுத்த 1, 2 ஆகியவற்றை இப்போது பயாப்ஸியில் அநேகமாக எவரும் தருவதில்லை. திசுவில் அதிகம் காணப்படும் வடிவத்தின் எண் முதலில் வரும். மீதமுள்ளவற்றில் மிக மோசமானது அடுத்து வரும். ஒரே வடிவம்தான் என்றால் அதே எண் இரட்டிக்கும்.

ஆகவே வரிசையும் முக்கியம். 3+4, 4+3 இரண்டுமே 7தான். ஆனால் பின்னதில் மோசமான வடிவமே மிகுதி, ஆபத்தும் அதிகம். கூட்டுத்தொகை இதை மறைத்துவிடுகிறது. 2014இல் சிகாகோவில் கூடிய நிபுணர்கள் ஐந்து தரக் குழுக்களை ஏற்றது இதனால்தான்: 6 என்றால் குழு 1, 3+4 என்றால் 2, 4+3 என்றால் 3, கூட்டுத்தொகை 8 என்றால் 4, 9ம் 10ம் 5. அறிக்கையில் இந்தக் குழு எண்ணைத் தேடிப் பாருங்கள். என் பார்வையில் நோயாளிக்குத் தெளிவு தருவது அதுதான்.

வழக்கமாக ஊசி வழியே எடுக்கும் 12 திசுக் கீற்றுகளில் எத்தனையில் புற்று இருக்கிறது, ஒவ்வொன்றிலும் எத்தனை சதவீதம் என்பதும் அறிக்கையில் இருக்கும். நோய் உடலில் பரவியிருக்கிறதா என்பதைத் தரம் சொல்லாது. அதற்கு ஸ்கேன் வேண்டும்.

குழு 1 நோயாளிகள் பலருக்கு உடனடி அறுவையோ கதிர்வீச்சோ தேவைப்படாது. பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை, எம்ஆர்ஐ, குறித்த இடைவெளியில் மீண்டும் பயாப்ஸி என்று கண்காணித்தாலே போதும். எது 3, எது 4 என்பதில் அனுபவமுள்ள நிபுணர்களிடையேகூடக் கருத்து மாறுபடும். சிகிச்சைக்குச் சம்மதிக்கும் முன், திசுக் கீற்றுகளைப் பதித்த அதே கண்ணாடித் தகடுகளை இன்னொரு நிபுணரிடம் காட்டக் கேட்கலாம். அதற்கு மறுபடி ஊசி குத்த வேண்டியதில்லை.